பார்வை தெளிவாக இருக்கும்போதே

"எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே! ஊசியில் நூல் கோக்கிறேன், நாளிதழ் படிக்கிறேன். பிறகு எதற்குக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்?"

நீரிழிவு நோய் உள்ள பெரியவர்களிடம் கண் பரிசோதனையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் நீரிழிவினால் கண்ணுக்கு வரும் கேட்டைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான வாதம் வேறு இல்லை. அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் இக்கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவன். 16 ஆண்டுகளாக நீரிழிவு நோயாளி. 7 ஆண்டுகளாக அந்நோயால் விழித்திரை பழுதுற்றவன். ஆகவே ஆசிரியன் என்ற முறையில் பாதியும், நோயாளி என்ற முறையில் பாதியுமாக இதனை எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. சென்னை மக்களிடையே நடத்தப்பெற்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுள் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரையில் பாதிப்பு காணப்பட்டது. அதாவது, ஆறு பேருக்கு ஒருவர். நம் வகுப்பறை ஒவ்வொன்றிலும் தந்தைக்கோ தாய்க்கோ நீரிழிவு உள்ள மாணவர் சிலரேனும் இருப்பர். ஆகவே இது முதியவர்களின் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா.

விழித்திரையும் அதன் நுண்குழாய்களும்

ஆட்டுக் கண்ணை வெட்டிப் பார்த்த மாணவர்கள் நினைவுகூர்க. வில்லையை அகற்றி, தெளிந்த கூழ் போன்ற பின்கண் திரவத்தைக் கொட்டியதும், உட்சுவரிலிருந்து நனைந்த மெல்லிய தாள் போல ஒரு படலம் நழுவி வரும். அதுவே விழித்திரை. மனிதக் கண்ணில் ஒளியை உணரும் கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடியும், கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 இலட்சமும் இப்படலத்தில் அடங்கியுள்ளன. இதன் நடுவே மஞ்சள் புள்ளி என்னும் சிறு பகுதி உண்டு. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், நுண்ணோக்கியில் செல்லைப் பார்ப்பதும் அச்சிறு புள்ளியின் வேலையே. ஏனைய பரப்பு முழுவதும் பக்கப் பார்வைக்கும் மங்கிய ஒளியில் பார்ப்பதற்கும் உரியது.

விழித்திரைக்கு ஆக்சிஜன் மிகுதியாக வேண்டும். அதனைக் கொண்டு சேர்ப்பவை தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள். தந்துகியின் சுவரை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் சில செல்கள் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் இத்தாங்கும் செல்கள் மடிகின்றன. தாங்கல் இழந்த இடத்தில் சுவர் புடைக்கிறது. மிதிவண்டி டியூபில் நைந்த இடம் காற்றடித்ததும் கொப்புளம் போலக் கிளம்புமே, அதே போலத்தான். இந்நோயின் முதல் அடையாளம் இந்த நுண்கொப்புளமே ஆகும்.

நைந்த சுவர் வழியே நீரும் கொழுப்பும் கசிகின்றன. சிறு இரத்தத் துளிகளும் சிந்துகின்றன. கசிவு மஞ்சள் புள்ளியில் தேங்கினால் அது வீங்கிப் படிக்கும் பார்வை கெடுகிறது. மற்றோர் இடத்தில் தந்துகிகள் அடைபட்டுப் போகின்றன. அங்குள்ள விழித்திரை ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது. தவிக்கும் திசு, "புதிய குழாய்களை அனுப்புங்கள்" என்று கேட்பது போல ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணியான அப்புரதத்தை வி.இ.ஜி.எஃப். என்று சுருக்கமாகக் குறிப்பர். இத்தகைய பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் 1948-இலேயே ஊகித்தார். நீரிழிவாளர் கண்ணில் வி.இ.ஜி.எஃப். மிகுந்திருப்பது 1994-இல் அளந்து காட்டப்பட்டது.

புதிய குழாய்கள் வந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். பயிர் வாடுகிறதென்று அவசரத்தில் வெட்டிய கால்வாய்க்குக் கரை நிற்குமா? அவ்வாறே இப்புதுக் குழாய்களும் வலுவற்றவை. வளரக் கூடாத இடத்தில் வளர்பவை. ஒருநாள் அவை உடைந்து பின்கண் திரவத்தில் இரத்தம் பெருகும். அவற்றோடு வளரும் தழும்புத் திசு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுவதும் உண்டு.

நோயாளிக்குத் தெரிவதில்லை

இத்தனையும் நடக்கும்போது நோயாளிக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. காரணங்கள் மூன்று. முதலாவதாக, விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. இரண்டாவதாக, மஞ்சள் புள்ளி தாக்கப்படாதவரை எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்க முடியும். மூன்றாவதாக, ஒரு கண்ணின் குறையை மறு கண் மூடி மறைத்துவிடும்.

இதற்கு நானே சான்று. ஆண்டுதோறும் செய்துகொள்ளும் பரிசோதனைக்காக 7 ஆண்டுகளுக்கு முன் சென்றபோது என் இரு கண்களும் 6/6 என்று முழுப் பார்வையே காட்டின. அன்று காலையில்தான் ஹைட்ராவின் கொட்டும் செல்களை மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்டிவிட்டுச் சென்றிருந்தேன். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டுப் பார்த்த மருத்துவர், வலக் கண்ணில் புதுக் குழாய்கள் முளைத்திருப்பதாகச் சொன்னார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, ஐயா" என்றேன். "தெரியும்போது வந்தால் எனக்கு வேலை கடினம்; உங்களுக்கு அதைவிடக் கடினம்" என்றார் அவர்.

எல்லா மங்கலும் ஒன்றல்ல

நீரிழிவாளருக்குப் பார்வை பல வகைகளில் மாறும். அவற்றைப் பிரித்தறிவது நன்று.

முதல் வகை, சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தால் வருவது. சர்க்கரை அளவு மாறும்போது கண் வில்லை நீரை ஏற்றும் இழந்தும் வடிவம் மாறுகிறது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ திடீரென மாறுகிறது. நான் முதன்முதலாக மாத்திரை தொடங்கிய வாரங்களில் கரும்பலகை தெளிவாகவும் கையிலிருந்த புத்தகம் மங்கலாகவும் தெரிந்தன. ஒன்றரை மாதம் பொறுக்கும்படி மருத்துவர் கூறினார், தானே சரியாயிற்று. சர்க்கரை நிலைப்படாத காலத்தில் கண்ணாடி வாங்குவது வீண் செலவு. அடுத்த மாதமே அது பொருந்தாது போகும்.

இரண்டாவது, கண்புரை. நீரிழிவாளருக்கு இது சற்று இளவயதிலேயே வரும். அறுவை சிகிச்சையால் நீங்கக் கூடியது. மூன்றாவது, மஞ்சள் புள்ளி வீக்கம். நேர்க்கோடு நெளியும், சொல்லின் நடு எழுத்து மறையும், முகத்தின் ஓரம் தெரிந்து மூக்கு தெரியாது. நான்காவது, கண்ணுள் இரத்தப் பெருக்கு. கொசு பறப்பது போலவும், ஒட்டடை தொங்குவது போலவும், மையைத் தண்ணீரில் விட்டது போலவும் தோன்றும். ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தது போல ஒரு பகுதி மறைந்தாலோ விழித்திரை பிரிகிறது என ஐயுற்று அன்றைக்கே மருத்துவமனை சேர வேண்டும். ஐந்தாவது, பொருள் இரண்டாகத் தெரிதல். கண்ணை அசைக்கும் தசைகளின் நரம்பு பாதிக்கப்படுவதால் இது வரலாம். நீரிழிவினால் வந்ததாயின் சில மாதங்களில் பெரும்பாலும் குணமாகும். எனினும் வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் உடனே காட்ட வேண்டும்.

மருத்துவம் வளர்ந்த வழி

உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காண வழி செய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண்ணுள் நோக்கும் கருவியை அவர் 1851-இல் உலகிற்கு அறிவித்தார். ஆனால் நோயைக் கண்டும் செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலையே நெடுங்காலம் நீடித்தது.

1945-இல் ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை கருகியவரைக் கண்ட மையர்-ஷ்விக்கராத் என்ற ஜெர்மன் மருத்துவர் எதிர்த்திசையில் சிந்தித்தார். கெடுக்கும் ஒளியையே அளவோடு செலுத்திக் குணப்படுத்த முடியாதா? முதலில் சூரிய ஒளியையும் பின்னர் செனான் விளக்கையும் கொண்டு அவர் வெற்றி கண்டார். 1960-இல் மைமன் லேசரை உருவாக்கியபின் இம்முறை செம்மையுற்றது. புதுக் குழாய்கள் முளைத்த கண்களுக்கு லேசர் செய்தால் கடும் பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஒரு பேராய்வு 1976-இல் நிறுவியது.

லேசர் எப்படி உதவுகிறது? விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளாகச் சுடுகிறார்கள். தண்ணீர் போதாத ஆண்டில் ஓரத்து வயல்களைத் தரிசாக விட்டு நடு வயலைக் காக்கும் உழவரின் கணக்கே இது. ஆக்சிஜன் கேட்கும் திசு குறைவதால் வி.இ.ஜி.எஃப். குறைகிறது, புதுக் குழாய்கள் வாடுகின்றன. ஆனால் ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பதால் பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையும். லேசர் செய்துகொண்டால் இழந்த பார்வை திரும்பும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இருப்பதைக் காப்பதே அதன் பணி.

கண்ணுள் தேங்கிய இரத்தத்தையும் தழும்பையும் நுண்கருவிகளால் அகற்றும் அறுவை முறையை மாகெமர் என்பார் 1970-இல் அமெரிக்காவில் தொடங்கி வைத்தார். இந்நூற்றாண்டில் வி.இ.ஜி.எஃப். புரதத்தை அடக்கும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. மஞ்சள் புள்ளி வீக்கத்தில் இவை, இழந்த பார்வையில் ஒரு பகுதியை மீட்டும் தருகின்றன. கண்ணிலேயே ஊசியா என்று நடுங்க வேண்டா. மரத்துப்போகும் சொட்டு மருந்திட்டு, வெள்ளை விழி வழியே மிக மெல்லிய ஊசியால் சில நொடிகளில் போட்டுவிடுகிறார்கள். உண்மையான கடினம், தொடக்கத்தில் மாதந்தோறும் போக வேண்டியிருப்பதும் அதற்காகும் செலவும் அலைச்சலுமே.

இவை அனைத்தினும் மேலானது சர்க்கரைக் கட்டுப்பாடு. இன்சுலினை நம்பி வாழும் நீரிழிவாளர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான ஆய்வு, கண்டிப்பான கட்டுப்பாடு விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பை 76 விழுக்காடு குறைப்பதாகக் காட்டியது. பெரியவர்களுக்கு வரும் நீரிழிவைப் பற்றி இங்கிலாந்தில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைகிறது என்றது. கண்ணுக்கான மருந்து நம் சாப்பாட்டுத் தட்டிலும் இரத்த அழுத்த மாத்திரையிலும் இருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

குறைந்த பார்வையுடன் வாழ்தல்

என் வலக் கண்ணுக்கு மூன்று அமர்வுகளில் லேசர் செய்யப்பட்டது. ஈராண்டு கழித்து இடக் கண்ணில் மஞ்சள் புள்ளி வீங்கியது. இதுவரை 11 ஊசிகள் போட்டாயிற்று. ஒருமுறை கரும்பலகையில் மண்புழுவின் படம் வரைந்துகொண்டிருந்தபோதே வலக் கண்ணில் கரும்புகை போல இழைகள் இறங்கின. அவ்விரத்தம் தானே கரைய 10 வாரங்கள் ஆயின. அந்த 10 வாரங்களும் நான் அஞ்சியது இருட்டுக்காக அன்று. இனி நுண்ணோக்கியின் முன் என்னால் அமர முடியுமா என்பதற்காகவே. அதில்லாத விலங்கியல் ஆசிரியன் எதைக் காட்டிப் பாடம் நடத்துவான்?

இன்றும் பாடம் நடத்துகிறேன். நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்திப் பெரிய திரையில் காட்டுகிறோம். எனக்காகச் செய்தது, ஆனால் முப்பது மாணவர்களும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். விடைத்தாள்களைக் கறுப்பு மையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். விளக்கை எதிரே வைக்காமல் தோளுக்குப் பின்னிருந்து விழுமாறு வைத்தால் எழுத்து எடுப்பாகத் தெரிகிறது. வெயிலிலிருந்து இருண்ட மாடிப்படிக்கு வந்தால் ஒரு நிமிடம் நின்று கண் பழகியபின் கால் வைக்கிறேன். படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசித் தந்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர். இரவில் இருசக்கர வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

வீட்டில் நிறவேறுபாடுதான் பெருந்துணை. எவர்சில்வர் தட்டில் மோர்ச்சோறு எது, தட்டு எது என்று புலப்படுவதில்லை. வாழையிலையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரிகிறது. "இனிமே உங்களுக்குத் தினமும் கல்யாணச் சாப்பாடுதாங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். கேலியோடு, ஒவ்வொரு ஊசிக்கும் கூடவே வந்து வெளியே காத்திருப்பவளும் அவளே.

ரூபாய்த் தாளில் ஓரக் கோடுகள் புடைப்பாக அச்சிடப்பட்டுள்ளன. 100 ரூபாயில் நான்கு, 500 ரூபாயில் ஐந்து. விரலால் தடவி அறியலாம். இன்சுலின் போட்டுக்கொள்வோர் ஒன்றில் மிகுந்த கவனம் வைக்க வேண்டும். 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி; 100 யூனிட் மருந்துக்கானதற்கு ஆரஞ்சு மூடி. பார்வை மங்கியவர் இவற்றை மாற்றி எடுத்தால் மருந்தின் அளவே மாறிவிடும். அளவைப் பிறர் ஒருவர் சரிபார்ப்பதோ, சொடுக்கு ஒலியை எண்ணிப் போடும் பேனாவுக்கு மாறுவதோ நன்று.

செய்யக் கூடாதவையும் உள. புதுக் குழாய்கள் உள்ள கண்ணோடு பெரும்பாரம் தூக்குவதும் சிரசாசனம் செய்வதும் இரத்தப் பெருக்கை உண்டாக்கலாம். கண்ணில் தேன் விடுவதும் மூலிகைச் சாறு பிழிவதும் பின்புறமுள்ள விழித்திரையைச் சென்றடையா, முன்புறம் புண்ணாக்கிவிடும். கேரட் நல்ல உணவு. ஆனால் கசியும் தந்துகியை அது அடைக்காது.

பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கும் வழி மூடிவிடவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முழுப் பார்வையின்மையோடு குறைபார்வையையும் ஏற்றுக்கொண்டுள்ளது. உருப்பெருக்கிகளும், எழுத்தை ஒலியாக்கும் கைப்பேசிகளும் கிடைக்கின்றன. குறைபார்வையைச் சொல்லி உதவி கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை.

யார், எப்போது, எப்படி?

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவு, கண்டறியப்படுமுன்பே சில ஆண்டுகள் உடலில் ஒளிந்திருக்கக் கூடும். ஆகவே நோய் தெரிந்த உடனேயே ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் விழித்திரைப் பரிசோதனை வேண்டும். இளவயதில் இன்சுலின் சார்ந்து வரும் நீரிழிவுக்கு ஐந்தாண்டுகளுக்குள் தொடங்கி ஆண்டுதோறும் வேண்டும். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் பார்த்தாக வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்நோய் விரைந்து முற்றக் கூடும்.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது இப்பரிசோதனை ஆகாது. கண்பாவையை விரித்து உள்ளே பார்க்க வேண்டும். அல்லது விழித்திரையைப் படமெடுக்க வேண்டும். சொட்டு மருந்திட்டபின் கண்பாவை விரிய அரை மணி நேரம் வரை ஆகும். அதன்பின் நான்கைந்து மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒருவர் போவது நல்லது.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் 2021 முதல் நீரிழிவு மாத்திரைகள் நம் மாநிலத்தில் வீடு தேடி வருகின்றன. விழித்திரைப் பரிசோதனைக்கோ பெரும்பாலும் நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எழும்பூரில் 1819-இல் தொடங்கப்பெற்ற அரசுக் கண் மருத்துவமனையைப் பெற்ற மாநிலம் நம்முடையது. கற்றறிந்த கண் மருத்துவர்களுக்கு இங்குப் பஞ்சமில்லை. நோயாளிகள் காலத்தில் போய்ச் சேராததே குறை.

மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் தந்தையர் வேலையை விட்டு வர மாட்டார். தாய்மார் "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தள்ளிப் போடுவர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் பயன் இல்லை. வரும் விடுமுறையில் ஒருநாளை ஒதுக்கி, வீட்டில் நீரிழிவு உள்ளவரை நீங்களே கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பி, அடுத்த ஆண்டு அதே மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.